தாள் சிக்கினால் என்ன ஆகும்? ஒரு ரப்பர் ரோலரின் வரலாறு

பரீட்சைக்கு முந்தின நாள் காலேஜ் வாசலில் இருக்கும் எந்த ஜெராக்ஸ் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கூட்டம் அலைமோதும். சரியாக அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றுவிடும். கடைக்காரர் பதறமாட்டார். பக்கவாட்டுக் கதவைத் திறப்பார், கசங்கிய தாளை உருவுவார், ஒரு ஈரத்துணியால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். கதவைச் சாத்தியதும் மெஷின் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. உள்ளே லேசர், லென்ஸ், மோட்டார், எலக்ட்ரானிக் போர்டு என்று என்னென்னவோ இருக்கின்றன. அத்தனையையும் நிறுத்தி வைத்தது கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு ரப்பர் துண்டு! அந்த ரப்பர் துண்டின் வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலில், அது செய்யும் வேலை என்ன?

ஒரு கட்டுத் தாளிலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் எடுக்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கிறது அல்லவா? பேங்க் கேஷியர் ஏன் பக்கத்தில் ஈரமான ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறார்? பஸ் கண்டக்டர் ஏன் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழிக்கிறார்? காய்ந்த விரலுக்குத் தாளில் பிடிப்பு இல்லை. தாளோடு தாளும் ஒட்டிக்கொள்ளும்.

மெஷினில் கேஷியரின் விரலாக இருப்பது ரப்பர் ரோலர். அது மேல் தாளை முன்னால் தள்ளும். அப்படித் தள்ளும்போது இரண்டாவது தாளும் கூடவே வரப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்த ரோலருக்கு எதிரே ஒரு சின்னப் பட்டை இருக்கும். மெக்கானிக்குகள் அதை 'செபரேஷன் பேடு' என்பார்கள். பெரிய மெஷின்களில் அந்தப் பட்டைக்குப் பதிலாக இன்னொரு ரோலர் இருக்கும். ஒரு தாள் மட்டும் வந்தால் அதுவும் கூடவே உருளும். இரண்டு வந்தால் நின்றுகொள்ளும், அல்லது கீழ்த் தாளைப் பின்னுக்குத் தள்ளும்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ரோலருக்கும் தாளுக்கும் உள்ள உராய்வுதான் எல்லாவற்றிலும் அதிகமாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்தது பட்டைக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு. தாளுக்கும் தாளுக்கும் உள்ளது எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் போச்சு. முதலாவது குறைந்தால் தாளே வராது. இரண்டாவது குறைந்தால் இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்து வந்து சிக்கும். தாள் எடுக்கும் இடத்தில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கையால் தாள் போட்ட காலம்

இந்த வேலையை ரொம்ப காலம் மனிதக் கைகள்தான் செய்தன. 1814 நவம்பர் 29 அன்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை முதன்முறையாக நீராவி இயந்திரத்தில் அச்சானது. ஃப்ரீட்ரிக் கோனிக் என்ற ஜெர்மானியர் செய்த அந்த மெஷின் மணிக்கு 1,100 தாள் அடித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். ஆனால் அந்த 1,100 தாளையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தது ஆள்தான்! ஓட்டியது நீராவி, ஊட்டியது கை.

அப்போது அச்சகங்களில் உருளை இல்லாமல் இல்லை. மை தடவுவதற்கு உருளை வந்துவிட்டது. ஆனால் அதில் ரப்பர் கிடையாது. கோந்தையும் வெல்லப்பாகு மாதிரியான கழிவுப்பாகையும் காய்ச்சி வார்த்த உருளைகளைத்தான் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் அது இளகும், குளிர் காலத்தில் இறுகும்.

ரப்பரை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். அப்போது ரப்பரும் அதே லட்சணத்தில்தான் இருந்தது. கோடையில் பிசுபிசு, குளிரில் கல்.

1839: ஒரே வருடத்தில் நண்பனும் எதிரியும்

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்று ஒருவர். ரப்பரை உருப்படியான பொருளாக்கிக் காட்டுகிறேன் என்று வருடக்கணக்கில் அலைந்தவர். கடன்பட்டு ஜெயிலுக்கும் போனவர். 1839-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கந்தகம் கலந்த ரப்பரை சூடான அடுப்பில் பட வைத்தபோது அது உருகி ஓடாமல் தோல் மாதிரி உறுதியாகிவிட்டதைக் கண்டுபிடித்தார். ரப்பர் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கந்தகம் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே முடிச்சுப் போடுகிறது. அதனால் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். வல்கனைசேஷன் என்பது இதுதான்.

1844-ல் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். 1860-ல் குட்இயர் இறந்தபோது மிச்சமிருந்தது கடன்தான். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் தொடங்கியது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதே 1839-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியல் பேராசிரியர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு வினோதமான வாசனை வந்தது. அது ஒரு தனி வாயு என்று புரிந்துகொண்டு, 'வாசனை வீசுவது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓசோன்' என்று பெயர் வைத்தார். இந்த ஓசோனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து கதையில் மறுபடி வரும்.

பால்மரமும் நம்ம ஆட்களும்

ரப்பர் உறுதியானதும் உலகத்துக்கு ரப்பர் பசி வந்துவிட்டது. அதுவரை ரப்பர் பால் பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்து வந்தது. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தது கொஞ்சம்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே வருடம் இலங்கைக்கு வந்தது. மறு வருடம் சிங்கப்பூருக்கும் கன்றுகள் போயின. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு 1888-ல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் நடுங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவரைப் பைத்தியக்காரர் என்றே கூப்பிட்டார்களாம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். அதில் வேலை செய்ய தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். டயர், குழாய், செருப்பு, டைப்ரைட்டர் உருளை என்று உலகம் முழுக்க உருண்ட ரப்பரில் அவர்கள் உழைப்பு இருந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் பால்வெட்டு நடக்கிறது. ரோலரைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் அது முழு வரலாறு ஆகாது.

தாள் போகாததால் பிறந்த ஆஃப்செட்

1904. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், நட்லி. ஐரா ரூபெல் என்பவரின் அச்சகம். கல்லச்சு மெஷினில் தாளை அழுத்தும் உருளைக்கு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். சில சமயம் தாள் போடத் தவறிவிடும். அப்போது அச்சுப்படம் நேராக ரப்பரில் பதிந்துவிடும். அடுத்த தாள் வரும்போது அதன் பின்பக்கத்தில் அந்தப் படம் ஒட்டிக்கொள்ளும். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாளைக் கசக்கி எறிந்திருப்பார்கள். ரூபெல் உற்றுப் பார்த்தார். நேராக அச்சான முன்பக்கத்தைவிட ரப்பர் வழியாக வந்த பின்பக்கம் தெளிவாக இருந்தது!

காரணம் எளிது. கல்லும் உலோகமும் தாளின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. ரப்பர் வளைந்து கொடுக்கும். இதை வைத்து ரூபெல் செய்ததுதான் தாளில் அச்சிடும் ஆஃப்செட் மெஷின். (தகரத்தில் இதே மாதிரி அச்சிடும் முறைக்கு 1875-லேயே இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே காப்புரிமை வாங்கியிருந்தார்.) இன்றைக்கு நம் பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாளிதழ் எல்லாம் ஆஃப்செட்தான். ஒரு தாள் போகாமல் போனதற்கு இவ்வளவு பெரிய பலன்.

அஸ்டோரியா, 1938

செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். காப்புரிமை ஆவணங்களுக்கு எப்போதும் பிரதி தேவை. கையால் எழுத வேண்டும், இல்லை போட்டோ எடுக்க வேண்டும். அவருக்கோ மூட்டுவாதம். 1938 அக்டோபர் 22 அன்று குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் ஒரு சின்ன அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னையுடன் உட்கார்ந்து, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். பிறகு தகட்டின்மேல் ஒரு பொடியைத் தூவி ஊதினார். எழுத்து நின்றது! மெழுகுத்தாளை அழுத்தி அந்த எழுத்தை எடுத்தார்.

கவனித்தீர்களா? குட்இயருக்கும் கந்தகம், கார்ல்சனுக்கும் கந்தகம். நடுவில் 99 வருடம்.

இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இதை வேண்டாம் என்றன. ஒரு வழியாக ரோசெஸ்டர் நகரத்தின் ஹாலாய்டு என்ற சிறிய கம்பெனி எடுத்துக்கொண்டது. அதுதான் பின்னாளில் ஜெராக்ஸ். 1959-ல் வந்த 'ஜெராக்ஸ் 914' சாதாரணத் தாளில் தானாகவே பிரதி எடுத்த மெஷின். எடை சுமார் 294 கிலோ, நிமிடத்துக்கு 7 பிரதி. சூட்டில் தாள் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருந்ததால் கூடவே ஒரு சின்ன தீயணைப்பானும் வைத்துக் கொடுத்தார்கள்!

இந்த வகை மெஷின்கள் வந்த பிறகு பிரதி எடுப்பது ஒரு அரசியல் சக்தி ஆயிற்று. 1969-ல் டேனியல் எல்ஸ்பெர்க் வியட்நாம் போர் பற்றிய சுமார் 7,000 பக்க ரகசிய ஆவணத்தை இரவு இரவாக ஜெராக்ஸ் எடுத்தார். 1971-ல் அது 'நியூயார்க் டைம்ஸ்' வழியாக வெளியே வந்து அமெரிக்க அரசையே ஆட்டியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வெற்றுத்தாள் மெஷினுக்குள் ஒழுங்காகப் போய் வந்தாக வேண்டும் அல்லவா?

மெஷினுக்குள் ஓசோன்

இப்போது அந்தப் பழைய எதிரி. பழைய வகை மெஷின்களில் டிரம்மில் மின்னூட்டம் ஏற்ற, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் கொடுப்பார்கள். அதைச் சுற்றியுள்ள காற்றில் ஓசோன் உண்டாகும். பழைய ஜெராக்ஸ் கடைகளில் ஒரு காரமான வாசனை அடிக்குமே, அது இதுதான்.

ஓசோனுக்கு இயற்கை ரப்பர் என்றால் கொண்டாட்டம். ரப்பர் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப் பிடித்து வெட்டும். ரப்பர் இழுபட்டு இருக்கும் இடங்களில் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் விழும். ஆக, தாளில் எழுத்து விழுவதற்காகச் செய்யும் அதே காரியம் தாளை இழுக்கும் ரப்பரைத் தின்கிறது!

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. ஒன்று, ரப்பரை மாற்றியது. 1960-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஓசோனுக்கு வெட்ட இடமில்லை. பிரிண்டர் ரோலர்களில் அது பரவலாக வந்துவிட்டது. கூடவே பாலியூரித்தேன், சிலிக்கான் ரப்பர்களும் உண்டு. இரண்டாவது தீர்வு இன்னும் சுவாரசியம். 1990-களில் பல மெஷின்களில் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, மின்சாரம் கடத்தும் ஒரு ரப்பர் ரோலரையே டிரம்மின் மேல் உருள விட்டு மின்னூட்டம் ஏற்றினார்கள். ஓசோன் வெகுவாகக் குறைந்தது. ரப்பருக்கு வந்த வியாதிக்கு ரப்பரே மருந்து.

நல்ல தாள், கெட்ட தூசி

ஓசோன் குறைந்தும் ரோலர் வழுக்குவது நிற்கவில்லை. ஏனென்றால் தாள் மாறிவிட்டது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த தாளில் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அதனால் தாளில் அமிலம் ஏறியது. நம் தாத்தா காலத்துப் புத்தகங்கள் பழுப்பாகி, தொட்டால் உதிர்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். அமெரிக்காவில் வில்லியம் பாரோ 1950-களில் செய்த ஆய்வுகள் நூலகங்களை விழிக்க வைத்தன. மெல்ல மெல்ல அமிலமில்லாத தாளுக்கு மாறினார்கள். 1980-களுக்குப் பிறகு அந்த மாற்றம் வேகம் பிடித்தது. அமிலமில்லாத தாளில் நிரப்பியாகக் கால்சியம் கார்பனேட் சேர்க்கலாம். அதாவது சுண்ணாம்புக்கல் பொடி. வெள்ளையாகவும் இருக்கும், விலையும் மலிவு. புத்தகம் நூறு வருடம் தாங்கும்.

ஆனால் கேரம் போர்டில் ஏன் பவுடர் தூவுகிறோம்? வழுக்குவதற்கு! அதே வேலையைத்தான் இந்தச் சுண்ணாம்புப் பொடியும் ரோலரில் செய்கிறது. ஆயிரக்கணக்கான தாள் போகப் போக ரப்பரின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படிகிறது. புத்தகத்துக்கு நல்லது ரோலருக்குக் கெட்டதாகிவிட்டது.

சரி, எப்படித் துடைப்பது?

வரலாறு தெரிந்தால் துடைக்கும் முறையும் தானாகவே புரியும்.

1. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆற விடவும். தாளைச் சூடாக்கும் பகுதி 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பத்தில் இயங்குவது.

2. பஞ்சு உதிராத துணியை வெறும் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரோலரைக் கையால் உருட்டி உருட்டி முழுச் சுற்றும் துடைக்கவும். தூசியைப் பொறுத்தவரை தண்ணீரே போதும். எதிரே இருக்கும் செபரேஷன் பேடை மறக்க வேண்டாம். காய்ந்த பிறகு மூடவும்.

3. பிசுக்கு போகவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம். ஆனால் உங்கள் மெஷினின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யவும்.

4. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். இயற்கை ரப்பரும் ஈ.பி.டி.எம்.மும் அவற்றைக் குடித்து ஊதிவிடும். நகப்பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

5. பளபளப்பாக இறுகிப்போன ரோலரை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மேல்தோல் போய் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் விட்டம் குறையும். அவசரத்துக்குச் சரி, வைத்தியம் ஆகாது.

6. 'ரப்பருக்குப் புத்துயிர்' என்று விற்கும் திரவங்களில் சைலீன், மெத்தில் சாலிசிலேட் மாதிரியானவை இருக்கும். (இரண்டாவது, வலி தைலங்களில் வரும் அந்த வாசனைதான்.) ரப்பரை இளக்கிக் கொஞ்சம் ஊத வைக்கும். காற்றோட்டமான இடத்தில், அளவோடு.

7. பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் கறுப்பு உருளை தாளை எடுக்கும் ரோலர் இல்லை. அது டோனரைத் தாளுக்கு மாற்றும் உருளை. அதையும் டிரம்மையும் தொடவே கூடாது. விரல் எண்ணெய் பட்டால் பிரிண்ட்டில் கறை தெரியும்.

சில ரோலர்களில் ரப்பர் உறை தனியாகக் கழன்று வரும். தேய்ந்த பக்கம் மறுபக்கம் போகும்படி அதைத் திருப்பி மாட்டிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் படித்து வந்த வித்தை இல்லை, கை கற்றுக்கொண்டது.

கடைசியாக ஒரு பேப்பர் ஜாம்

1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஒரு பிரிண்டர் இருந்தது. தாள் சிக்கினால், பிரிண்ட்டுக்காகக் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் காட்டும்படி அதன் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய் தாளை எடுத்துவிடுவார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதுவும் தாளைச் சிக்க வைத்தது. ஆனால் இந்த முறை மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் தன்னை யோசிக்க வைத்தது என்று ஸ்டால்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். 1983 செப்டம்பர் 27 அன்று அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வதில் பாதி அதிலிருந்து வந்தது.

ரூபெலுக்கும் ஸ்டால்மனுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தாள் தகராறு செய்தபோது இரண்டு பேருமே மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். ஒருவரால் பார்க்க முடிந்தது, இன்னொருவரைப் பார்க்க விடவில்லை.

இப்போது நம் வீடுகளில் இருக்கும் விலை குறைந்த பிரிண்டர்களை யோசித்துப் பாருங்கள். பெரிய ஆபீஸ் மெஷின்களில் ரோலரைக் கழற்றி மாட்ட வழி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் 2 லட்சம் பக்கத்துக்கு ஒருமுறை மாற்ற ரோலர் அடங்கிய கிட்டே தனியாக விற்கிறார்கள். ஆனால் சின்ன பிரிண்டர்கள் பலவற்றில் ரோலர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே கஷ்டம். தாள் இழுக்கவில்லை என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், புதுசு வாங்குவதே லாபம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மரத்தின் பாலோ ஒரு தொழிற்சாலையின் ரசாயனமோ இத்தனை கை மாறி ரோலராகி வந்து, கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசிக்காக முழு மெஷினோடு குப்பைக்குப் போகிறது.

அதனால் அடுத்த முறை பிரிண்டர் வாங்கப் போகும்போது நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதோடு, "இதுல ரோலரைக் கழட்ட முடியுமாண்ணே? தனியா கிடைக்குமா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். நாலு பேர் கேட்டால்தான் விற்பவர்கள் காதில் விழும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று தாள் இழுக்காமல் மூலையில் கிடந்தால், தூக்கிப் போடும் முன் ஒரு ஈரத்துணி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து நிமிட வேலைதான்.